முந்தைய திருமணம்

செர்டாங், கெடா
6 மார்ச் 2023

சீலன் அவர்களுக்கு,

ஐந்து நாளில் பதினெட்டு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு எடுக்கவும் மாட்டேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், பிறகு சாப்பிட்டாயா என்று இருவரும் கேட்டு முடித்துவிடுவோம். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பத்திரங்களின் படம் தேவைப்பட்டால் மட்டும் வாட்சப்பில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அன்றைக்குத் தூதரகக் கடிதத்தை நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். மனைவியை அந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள நீங்கள் போட்ட குடிநுழைவு மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மனைவிக்கு முந்தைய திருமணம் ஒன்று இருக்கிறது, அதை மறைத்திருக்கிறாள், விவாகரத்துக்குச் சான்று இல்லை என்பது காரணம். யாருடன், எந்த வருடம் என்று ஒன்றும் இல்லை. வாசித்து முடித்தீர்கள். அவர்களைத் திட்டப் போகிறீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"தேவகி, எங்கிட்ட சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்றேன். மறுபடியும், "யோசிச்சுச் சொல்லு" என்றீர்கள். அப்போதுதான் போனை வைத்தேன்.

யோசித்துச் சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணம் ஆனதை ஒருத்தி மறந்துவிடுவாளா?

ஜனவரியில் தூதரக நேர்காணலுக்குக் கோலாலம்பூருக்குத் தனியாகத்தான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி நாலே கேள்விதான் கேட்டார். பட்டியலில் கேட்ட எல்லாக் காகிதமும் கொடுத்தேன், கேட்காததையும் கொடுத்தேன். சிரித்த முகத்தோடுதான் அனுப்பினார். ஆலையில் எல்லாரும் எப்போது பயணம் என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை எழுதுகிறேன். ஒரு எண் தப்பாகிவிட்டால் லாரி வெளியே போகும் முன் ஓடிப் போய் நிறுத்தித் திருத்திக் கொடுப்பேன். இங்கே யாரை ஓடிப் போய் நிறுத்துவது என்று தெரியவில்லை.

தேவகி


24 மார்ச் 2023

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் நேற்று வந்தது. வேலையிலிருந்து திரும்பியவன் காலணியைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன்.

நான் கேட்டது தவறு. அதற்கு மேல் என்ன எழுதினாலும் சாக்குப்போக்காகத்தான் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எட்டு மாதம் கைப்பேசியில் பேசினோம். அலோர் ஸ்டாரில் கல்யாணம் பதிந்த பிறகு நாற்பத்து மூன்று நாள் ஒன்றாக இருந்தோம். அப்புறம் நான் இங்கே, நீ அங்கே. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான். அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் வேறு மாதிரிச் சொன்னபோது நான் பயந்துவிட்டேன். பயத்தில் வந்த கேள்வி அது.

இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருக்கிறேன். நிதானமான அம்மாள். எந்த ஆதாரத்தை வைத்து முந்தைய திருமணம் என்று எழுதினீர்கள் என்று கேட்டுத் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் வர மாதக்கணக்காகலாம் என்கிறார். தூதரகத்தில் நேரில் போய்க் கேட்க இப்போதெல்லாம் வழியில்லையாம்.

மருத்துவமனையில் நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தன. நாள் முழுக்க அவற்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். எது கெட்டது என்று இயந்திரம் திரையில் காட்டிவிடும். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

இங்கே பனி இன்னும் விடவில்லை. கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் உன் மனைவி எப்போது வருகிறாள் என்று கேட்பார். இந்த வாரம் அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.

நீ போன் எடுக்க வேண்டாம். எழுது, போதும்.

சீலன்


செர்டாங்
16 ஏப்ரல் 2023

அன்புள்ள சீலனுக்கு,

பயத்தில் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பயம் வந்தது. அதை யாரிடம் கேட்பது? உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லையே.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒரு வாரம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். பத்தொன்பது, இருபது வயதில் எங்கேயாவது தெரியாமல் கையெழுத்துப் போட்டேனா, ஐசி அடையாள அட்டையைத் தொலைத்தேனே, அதை யாராவது எடுத்து ஏதாவது செய்துவிட்டார்களா என்றெல்லாம் யோசித்தேன். தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் என் பெயரில் திருமணப் பதிவு இருக்கிறதா என்று தேடித் தரச் சொன்னேன். உங்களோடு செய்ததைத் தவிர எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் நான் நல்லவள்தான் என்று எனக்கே நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது.

அம்மா இருந்தால் அவளிடம் சொல்லி அழுதிருப்பேன். அவள் போய் இரண்டரை வருடம் ஆகிறது. வீட்டில் எதையாவது கீழே போட்டால் யாரும் "என்னா சத்தம்?" என்று கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு நல்ல விஷயம் நடந்தது. உங்கள் அக்கா, ஷாமளா அண்ணி, அலோர் ஸ்டாரிலிருந்து வந்தார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். அறுமானிஸ் மாம்பழம் கொண்டுவந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பஸ் ஏற்றிவிட்டு வரும்போது மனசு லேசாக இருந்தது. அண்ணியிடம் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.

தேவகி


2 ஜூலை 2023

அன்புள்ள தேவகி,

பதில் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

நீ மணந்து, மறைத்ததாக அவர்கள் எழுதிவைத்திருக்கும் ஆளின் பெயர் பரஞ்சோதி. உன் அப்பா.

ஜனவரியில் நீ கொடுத்த காகிதங்களில் உன் பெற்றோரின் திருமணப் பத்திரமும் இருந்திருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் தப்பாக இருந்ததால் துணைக்கு வைத்தாய் என்று நினைக்கிறேன். அதில் மணமகன் பரஞ்சோதி. உன் பெயருக்குப் பின்னாலும் பரஞ்சோதி. இந்த நாட்டில் கல்யாணமானவள் கணவன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அதை வைத்து யாரோ ஒருவர் அந்தப் பத்திரத்தை உன்னுடையது என்று கணினியில் ஏற்றிவிட்டார். மணமகள் அழகம்மா என்று இருந்ததை உன் இன்னொரு பெயராக எடுத்துக்கொண்டார்களாம். பதிவான வருடம் 2009 என்று இருக்கிறது, அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. பழைய கல்யாணமாக இருந்திருந்தால் அவர்களுக்கே இடித்திருக்கும்.

வழக்கறிஞர் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

தேவகி, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உனக்கு என்றைக்கும் தெரியவராது. ஆனால் உன்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டவன் நான். இதை மறைத்துவிட்டு உன்னோடு குடும்பம் நடத்த முடியாது.

அந்தத் தூதரகக் கடிதத்தை நான் நம்பினேன். இரண்டு நாள் முழுசாக நம்பினேன். அப்புறமும் கொஞ்சம் நம்பினேன். அக்காவை உன் வீட்டுக்கு அனுப்பியது நான்தான். உனக்கு முன்பே கல்யாணம் ஆனது உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றாள். நான்தான் வற்புறுத்தினேன். விசாரித்துவிட்டு வந்து, "அந்தப் புள்ளய பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க, எனக்கு வெக்கமா போச்சுடா தம்பி" என்றாள்.

அக்காவுக்கு நன்றி சொல்லச் சொல்லி நீ எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

என்ன திட்டினாலும் சரி, எழுது.

சீலன்


17 செப்டம்பர் 2023

அன்புள்ள தேவகி,

பதினோரு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆலைக்குப் போன் செய்து நீ வேலைக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். வருகிறாள் என்றார்கள். அது போதும் என்று வைத்துவிட்டேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தவணை இருக்கிறது. பதிவிலாகா தந்த சான்றையும் உன் பிறப்புப் பத்திரத்தையும் அனுப்பித் தவறைத் திருத்தச் சொல்லிக் கேட்டோம். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பரமசோதி என்று இருக்கிறது, திருமணப் பத்திரத்தில் பரஞ்சோதி, இருவரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன சான்று என்று திருப்பிக் கேட்கிறார்கள். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் தோட்டத்து மருத்துவமனையில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

வழக்கறிஞர் சொல்லும் வழி ஒன்றுதான். உன் அப்பா சத்தியப் பிரமாணம் எடுத்து எழுதித் தர வேண்டும். இரண்டு பெயரும் தன்னுடையதுதான், நீ தன் மகள் என்று. நவம்பர் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் புது மனு. மறுபடியும் இரண்டு வருடம்.

அவர் உன்னையும் அம்மாவையும் விட்டுப் போனதை நீ ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாய். அவர் பெயரை அதற்குப் பிறகு நீ சொல்லிக் கேட்டதில்லை. அவரிடம் போய் நில் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. என் மனைவியாக இங்கே வர உனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. தவணை இது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சீலன்


செர்டாங்
29 அக்டோபர் 2023

சீலனுக்கு,

பத்திரத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். மொழிபெயர்ப்பும் உள்ளே இருக்கிறது. இந்தக் கடிதம் மெதுவாக வரட்டும்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. அண்ணி வந்த அந்த வெள்ளிக்கிழமையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஆலையிலிருந்து திரும்பி வரும் வழியில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அதுவும் போய்விட்டது.

அப்பா விஷயம் சொல்கிறேன்.

அம்மாவும் அவரும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். அந்தக் காலத்தில் யாரும் பதிவதில்லை. 2009-இல் திடீரென்று அம்மா பதிய வேண்டும் என்று நின்றாள். இருவரும் பதிவிலாகாவுக்குப் போய்ப் பதிந்தார்கள். எட்டு மாதம் கழித்து அவர் போய்விட்டார். போகப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காகிதம் இருந்தால் நிற்பார் என்று நினைத்தாள் போல. விவாகரத்துக்குச் சான்று இல்லை என்று தூதரகம் எழுதியது, அம்மா விஷயத்தில் உண்மைதான். அவள் கடைசிவரை விவாகரத்துக் கேட்கவில்லை.

ஆலைக்குப் பழம் ஏற்றி வரும் மணியம் அண்ணனுக்கு லாரிக்காரர்கள் எல்லாரையும் தெரியும். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "உங்கப்பா பெண்டாங்ல நெல்லு லாரி ஓட்டறாரு தங்கச்சி. நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்லா" என்றார். எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு பெண்டாங் போனேன். நெல் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. நாலாவது லாரியில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரோ கணக்கு எழுதும் ஆலைக் கிராணி என்று நினைத்துச் சீட்டை நீட்டினார். வாங்காமல் நின்றேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். கீழே இறங்கினார். நல்லாருக்கியாம்மா என்று கேட்டார். அம்மா சாவுக்கு வராததைப் பற்றி அவரே ஆரம்பித்தார். கோவிட் காலம், சாலையில் போலீஸ் விடவில்லை என்றார். உண்மையாக இருக்கலாம்.

அலோர் ஸ்டாரில் பிரமாண ஆணையர் முன்னால் எழுதித் தர வேண்டும் என்று வந்த காரியத்தைச் சொன்னேன். ஆனால் பெற்ற அப்பாவிடம், உங்களை என் புருஷன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? வழக்கறிஞர் அனுப்பிய தாளைக் கொடுத்தேன். லாரிப் படியில் உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. எழுந்து போய் லாரியை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"அலோர் ஸ்டார்ல வந்து நிக்கறேன். நாளு மட்டும் சொல்லு" என்றார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலில் ரயில் ஏறினேன். புக்கிட் மெர்தாஜாமில் மாறி அலோர் ஸ்டார் போய்ச் சேர்ந்தேன். ரயில் முழுக்க யார் யாரோ குடும்பமாகப் போனார்கள். ஆணையரின் அலுவலகம் இரண்டாவது மாடியில். எனக்கு முன்பே அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

பிரமாண ஆணையர் வயதான மலாய்க்காரர். பத்திரத்தை வரி வரியாக உரக்கப் படித்துக் கேட்கச் செய்தார். தேவகி எனக்கும் அழகம்மாவுக்கும் பிறந்த மகள். பரமசோதி என்பதும் நானே. அடுத்த வரி: தேவகிக்கும் எனக்கும் ஒருபோதும் திருமணம் நடந்ததில்லை. அங்கே வந்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த வரி எதற்கு என்று கேட்டார். தூதரகத்தின் தவறு என்றேன். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மட்டும், இவர் உங்கள் சொந்த மகள்தானா என்று மலாயில் கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். எழச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"பெத்துல் துவான்" என்று மலாயில் ஆமாம் சொன்னவர், அந்த மனுஷனுக்குப் புரியாது என்பதையும் மறந்து தமிழில் சொன்னார். "எம் மகதான். மூத்தவ."

மூத்தவள் என்றால் இளையவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தம்பி தங்கைகள் இருப்பது அந்த ஒரு சொல்லில்தான் தெரிந்தது.

முத்திரை குத்தி முடிந்ததும் பத்திரத்தில் தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார். எதற்கு என்றேன். வீட்டில் காட்ட வேண்டும், உன்னைப் பற்றி அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை என்றார். கீழே கடையில் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் போய்ப் பார்த்தது மனுவைத் திருத்தத்தான். உங்களுக்காகவா, எனக்காகவா என்று கேட்காதீர்கள்.

தேவகி


25 பிப்ரவரி 2024

அன்புள்ள தேவகி,

திருத்திவிட்டார்கள். வந்த மின்னஞ்சல் இரண்டே வரி. பதிவில் இருந்த பிழை நீக்கப்பட்டது, மனு மீண்டும் நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. ஒரு வருடம் நமக்கு என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை எழுத அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. உனக்கு ஏப்ரலில் நேர்காணல். தேதியை வாட்சப்பில் அனுப்பியிருக்கிறேன்.

கூட வர விடுப்புக் கேட்டேன். ஆள் குறைவு, கிடைக்கவில்லை. ஒன்றாகச் செய்ய வேண்டியதை எல்லாம் நீ ஒருத்தியாகவே செய்திருக்கிறாய். உன் அப்பாவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நான் நின்றிருக்க வேண்டும்.

போன மாதம் கீழ்வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. ஒரு வருடமாக அவர் கண்ணில் படாமல் ஒளிந்து படி இறங்கியவன் நான். சாமான்களை எடுத்துப் போக அவருடைய மகள் தூரத்திலிருந்து வந்திருந்தாள். பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தேன். அவரோடு நிறையப் பேசுவீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

நேர்காணலில் விசா கொடுத்தாலும், வருவதும் வராததும் உன் முடிவு. வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

சீலன்


செர்டாங்
12 மே 2024

அன்புள்ள சீலனுக்கு,

விசா ஒட்டிய கடவுச்சீட்டு போன வாரம் கைக்கு வந்தது. படம் அனுப்பாமல் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன். கடிதம் போய்ச் சேரும்வரை இந்தச் செய்தி என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேர்காணலில் இந்தத் தடவை இளைஞர் ஒருவர் இருந்தார். இதற்கு முன் திருமணம் ஆனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். திரையைப் பார்த்தார், தட்டினார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பதினான்கு மாதம் நம்மைப் பிரித்துப் போட்டது அந்த ஒரு கேள்வி. அவருக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி விசா கிடைக்கவில்லையா என்று விசாரித்தார். கிடைத்துவிட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஷாமளா அண்ணி போன் செய்தார்கள். நான் எடுத்தேன். அவர்கள் அழுதார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத நாலு நாளாகப் பார்க்கிறேன். கை வரவில்லை. அதற்காக மன்னிக்க மாட்டேன் என்றும் இல்லை. இங்கே தனியாக இருந்துகொண்டு அதை முடிவு செய்ய முடியாது என்று மட்டும் தெரிகிறது. நீங்கள் சாப்பிடும்போது, தூங்கும்போது, வேலை முடிந்து களைத்து வரும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாற்பத்து மூன்று நாளில் நீங்களும் என்னைப் பார்க்கவில்லை, நானும் உங்களைப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அண்ணி எதற்கு வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆலையில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுச் சாவியை மாதக் கடைசியில் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஜூன் மூன்றாம் தேதி பினாங்கிலிருந்து விமானம். இரண்டு இடத்தில் மாறி, உங்கள் ஊருக்கு நாலாம் தேதி மாலை ஐந்து இருபதுக்கு வந்து சேரும். வேலையிடத்தில் விடுப்புக்கு இப்போதே சொல்லிவையுங்கள். முன்கூட்டியே வந்து வெளியே வரும் கதவுக்கு எதிரே, எனக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

தேவகி